அம்மா போட்ட ஊறல்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. உறவினர்களும் நண்பர்களும் வந்திருந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். வேறு யாருக்காவது போட்ட மலராக இது இருந்து, அம்மாவும் இங்கே இருந்திருந்தால், முதலில் பின்னட்டையைத்தான் திருப்பிப் பார்த்திருப்பார். எங்கே அச்சடித்தார்கள், படத்தில் யாரை விட்டுவிட்டார்கள், யாரை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்து, "ம்ம், இதுல ஏதோ இருக்கு" என்று மடியில் வைத்துக்கொண்டிருப்பார். ஆகவே அன்பே வடிவானவர், யாரையும் குறை சொல்லாதவர் என்றெல்லாம் நான் எழுதினால் அம்மாவைத் தெரிந்த நீங்கள் யாரும் நம்பப் போவதில்லை. அம்மா சந்தேகப்படுவார். பால்காரரைச் சந்தேகப்படுவார், பஸ் கண்டக்டரைச் சந்தேகப்படுவார். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கினால் செவுளைப் பார்த்து, மீனின் கண்ணைப் பார்த்து, கடைசியில் விற்கிறவர் கண்ணையும் பார்ப்பார். மூத்த மகள் எழுத வேண்டிய கட்டுரை இது. அக்காவுக்கு அழுகை முந்திக்கொள்வதால் இளையவள் நான் எழுதுகிறேன். அம்மாவின் குணம் எனக்குத்தான் வந்திருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அம்மா பிறந்தது கனகசெட்டிக்குளத்துக்கு அப்பால், உப்பங்கழி ஓரத்து ஊரில். நடக்கத் தெரிந்த வயதில் தாயை இழந்து சித்தியின் கையில் வளர்ந்தார். சோற்றுப் பானையின் மூடி வைத்த இடத்தில்தான் இருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது என்பார். பள்ளிக்கூடம் சில வருஷங்கள்தான். மீதி நாளெல்லாம் கழியில் தேங்காய் மட்டை ஊறப்போட்டு, எடுத்து, அடித்து, நார் பிரிக்கும் வேலை. அதற்கு அந்த ஊரில் பெயர் ஊறல் போடுவது. இந்தச் சொல்லை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், எங்கள் குடும்பத்துக்கு இது பெரிய சோதனையைக் கொண்டு வந்த சொல்.

திருமணமாகி அம்மா டவுனுக்கு வந்தபோது அப்பாவுக்கு மில்லில் வேலை. மில்லுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு தோட்டம். தோட்டம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கடைசிப் பாதி பள்ளம். கிணற்றடித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அங்கேதான் போய் நிற்கும். வாழை வைத்தார்கள், அழுகியது. முருங்கை வைத்தார்கள், சாய்ந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேலி கிடையாது, அடுத்த தெருவுக்குக் குறுக்கு வழி என்று ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள்.

"போறவன் எல்லாம் போறதுக்கா போறான்? எட்டிப் பாக்கறதுக்குப் போறான்" என்பது அம்மாவின் கட்சி. அதற்குத்தான் தாழை வைத்தார்.

ஓர் ஆடி மாதம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கழியோரத் தாழைப் புதரிலிருந்து பக்கக் கன்றுகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் மேல் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். உடம்பெல்லாம் கீறல். அம்மா தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

"ஆம்பளத் தாழையா, பொம்பளத் தாழையா?"

"கன்னுல எப்பிடிக்கா தெரியும்? பூத்தாத்தான் தெரியும்."

"தெரியாம எதுக்குக் கொண்டாந்த? கைக்கு எட்டினத வெட்டிக்கினு வந்துட்டியா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தாழையில் ஆண் செடிதான் மணக்கும் பூ கொடுக்கும். பெண் செடி அன்னாசி மாதிரி காய் வைக்கும், அதை யாரும் தலையில் சூட மாட்டார்கள். மாமா வேண்டுமென்றே பெண் தாழையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று அம்மா பல வருஷம் நம்பினார். மாமாவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் வளர்த்தது என்னவோ பிள்ளை வளர்த்த மாதிரிதான். பள்ளத்து விளிம்பில் வரிசையாக, கொஞ்சம் சாய்த்து நட்டார். கிணற்றடியிலிருந்து உடைந்த ஓடுகளைப் பதித்து வாய்க்கால் கட்டி, குளிக்கிற தண்ணீர் முழுக்க அங்கே போகும்படி செய்தார். முதல் கோடையில் இலை நுனியெல்லாம் காய்ந்து போனது. மழை பிடித்ததும் ஒரே மூச்சில் எழும்பியது. ஆள் உயரத்தைத் தாண்டி வாள் வாளாக இலைகள். தண்டிலிருந்து விரல் தடிமனுக்கு விழுதுகள் இறங்கிச் சேற்றைப் பிடித்துக்கொண்டன. இலையின் இரண்டு ஓரத்திலும் முள், அடியில் நடு நரம்பிலும் முள். ஒரு பக்கம் தப்பித்தால் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். அந்தக் குணம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கையில் பழைய மில் துணியைச் சுற்றிக்கொண்டு, அரிவாளால் காய்ந்த இலைகளைக் கழித்தபடி, "இப்ப எட்டிப் பாருங்கடா" என்று சொல்வார்.

தெருவில் சும்மா இருப்பார்களா? தாழை வைத்தால் நல்ல பாம்பு வரும் என்றார்கள். "வரட்டும். பாம்பு பொய் சொல்லாது" என்றார் அம்மா. கொசு வரும் என்றார்கள். "ஏற்கெனவே வர்ற கொசு யாரு வூட்டுதாம்?" என்று கேட்டார்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மாடிவீட்டில் இருந்தவர் மதாம். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் போன பிறகும் பென்ஷன் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். மாடி ஜன்னலில் சட்டம் சட்டமாக மரக் கதவு, சாய்த்து வைத்தால் உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "அவங்க நம்மள பாக்கலாம், நாம அவங்கள பாக்கக் கூடாது. இது இன்னா நியாயம்?" என்று அந்த ஜன்னல் மேல் அம்மாவுக்குத் தீராத கோபம்.

பிறகு ஒரு மழைக்கால விடியலில் தாழை பூத்தது. வாசனை வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடியதுதான். "யாரோ சென்ட் போட்டுக்கினு நம்ம தோட்டத்துல நிக்கறாங்க!" என்றார். புதருக்குள் வெளிர்மஞ்சளாக ஒரு மடல் விரிந்திருந்தது. அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். மாமா பேரில் இருந்த வழக்கு அன்றோடு தள்ளுபடி ஆனது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பஸ் ஏறிப் போய் ஒரு பூவை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்காவுக்கு வரன் பார்த்தது அதற்கு அப்புறம். முதலில் வந்த ஓர் இடம் எல்லாம் பேசி முடிந்தபின் காரணம் சொல்லாமலே நின்றுபோனது. அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மா தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இரண்டாவதாகக் காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த இடம் படிந்தது. வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இதுவும் போனால் அக்கா தாங்க மாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கடையில் விற்கிற வெள்ளையடிக்கும் மட்டையை அம்மா நம்ப மாட்டார், இரண்டு இழுப்பில் நாரைக் கொட்டிவிடும் என்பார். தாழை விழுதை வெட்டி, ஊறவைத்து, நுனியைக் கல்லில் தட்டினால் நார் பிரிந்து அருமையான மட்டை கிடைக்கும். துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பழைய பானைகளில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அதோடு விட்டிருக்கலாம். வெளியே வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, பானைகளைத் தாழைப் புதருக்குள் சேற்றில் கழுத்து வரை புதைத்தார், மேலே காய்ந்த இலைகளைப் போட்டு மூடினார். தினமும் காலையில் இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, குனிந்து உள்ளே போய், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வருவார். எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ஊறல் போட்டிருக்கேன், யாரும் அந்தப் பக்கம் போவாதீங்க."

கழியோரத்தில் அந்தச் சொல் தேங்காய் மட்டைக்குச் சொந்தம். எங்கள் தெருவிலோ அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெல்லமும் மரப்பட்டையும் போட்டுச் சாராயம் காய்ச்சப் புளிக்க வைக்கிற பானை. கடைகளில் லைசென்ஸோடு சாராயம் விற்கிற ஊர் என்பதால், வீட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களைத் தேடி ஆள் வருவது இங்கே சகஜம்.

சனிக்கிழமை காலை வந்தார்கள். அப்பா மில்லுக்குப் போயிருந்தார். காக்கி உடையில் ஓர் அதிகாரி, கூடவே கையில் கம்பியோடு ஆட்கள். கேட்டதும் கேட்காததுமாகத் தோட்டத்துக்குப் போய் மண்ணைக் குத்த ஆரம்பித்தார்கள். தெருவே வேலிப்பக்கம் கூடிவிட்டது. தாழை ஒருவர் கையையும் விடவில்லை, ஆளுக்கு ஆள் கீறி அனுப்பியது. கடைசியில் கம்பி ஒரு பானையில் டொக் என்று மோதியது.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ஊறல்" என்றார் அம்மா.

"சார், அவங்களே ஒத்துக்கறாங்க சார்!"

"நான் இன்னாத்த ஒத்துக்கறது? ஊறல ஊறல்னுதான் சொல்லுவாங்க, பாயசம்னா சொல்லுவாங்க?"

அக்கா அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதிகாரி இலையைத் தள்ளிவிட்டு உள்ளே கைவிட்டார். அழுகல் வாடையோடு நாலைந்து வேர்த்துண்டுகள் வந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா ஒரு துண்டைப் பிடுங்கி, துவைக்கிற கல்லில் வைத்துத் தட்டி, நார் பிரிந்ததும் சுண்ணாம்பில் தோய்த்து, கிணற்றடிச் சுவரில் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுத்தார். "பாத்துக்குங்க. இதுக்குத்தான்" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கிளம்பத் திரும்பினார். அம்மா குறுக்கே நின்றுகொண்டார். "வரும்போது தெருவே பாக்க வந்தீங்க. போகும்போது தெருவுல நின்னு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. எம்பொண்ணுக்குப் பூ வைக்க வர்றாங்க."

அதெல்லாம் வழக்கம் இல்லை என்றார் அவர். அப்போது மாடியில் அந்த ஜன்னல் முதல் முறையாக முழுசாகத் திறந்தது.

"முசே, அது வெள்ளையடிக்கற மட்டை. அந்தம்மா அதைப் புதைக்கும்போதே நான் பாத்தேன். நீங்க சொல்லலன்னா நான் இங்க இருந்து கத்திச் சொல்லுவேன், எனக்குத் தொண்டை பெரிசு" என்றார் மதாம்.

அதிகாரி வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். அக்கா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வேறு யாராக இருந்தாலும் அன்று மதாம் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "புதைக்கும்போதே பாத்தேன்னு அவங்க வாயாலயே வந்துடுச்சு பாத்தியா? காட்டிக் குடுத்தவங்கதான் வந்து காப்பாத்துவாங்க. அப்பத்தான் சந்தேகம் வராது."

மாலையில் அப்பா வந்து விஷயத்தைக் கேட்டார். முகம் வெளுத்துப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார், சாப்பிடவில்லை. மறுநாள் வீடு முழுக்க அவரே வெள்ளையடித்தார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே காலாப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது, அக்காவின் மாமனார் தண்ணீர் டம்ளரை வாங்கியதும் முகர்ந்து பார்த்ததிலேயே தெரிந்தது. (சம்பந்தி மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, முகர்ந்தீர்கள்.) பிறகு, "பின்னாடி தோட்டம் இருக்காமே, பாக்கலாமா?" என்றார். அம்மா அழைத்துப் போனார். அவர் தாழையைச் சுற்றி வந்தார், பானைகளை எட்டிப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எனக்கு ஒரு ரெண்டு மட்டை கிடைக்குமா?" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு எங்க வூட்டுக்கும் வெள்ளையடிக்கணும் இல்ல?"

அக்காவுக்குப் பூ வைத்தார்கள். ஜடையில் எங்கள் தாழம்பூ.

அதன் பிறகு ஒரு கேள்விதான் அம்மாவுக்கு: யார் காட்டிக் கொடுத்தது? மதாமா, பால்காரரா, நின்றுபோன முதல் இடத்துக்காரர்களா, சோதித்துப் பார்க்க சம்பந்தி வீட்டாரே ஆள் அனுப்பினார்களா? மில் ஷிப்ட் மாதிரி முறை வைத்துச் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு வருஷமும் தாழை பூத்ததும் முதல் பூவை என்னிடம் கொடுத்து, "மதாம்கிட்ட குடுத்துட்டு மூஞ்சிய நல்லா பாத்துட்டு வா. மாறுதான்னு பாரு" என்று அனுப்புவார். மதாம் பூவை வாங்கி, "மெர்சி" என்று நன்றி சொல்லித் துணி அலமாரியில் வைப்பார். நான் திரும்பி வந்து, "ஒண்ணும் மாறலம்மா" என்பேன். "அப்ப அழுத்தக்காரி" என்பார் அம்மா. இப்படியே அக்காவுக்குக் குழந்தைகள் பிறந்தன, அப்பாவுக்கு மில் வேலை நின்றது, எனக்கும் கல்யாணம் ஆனது. அப்பாவுக்கு வேலை போனபோது தாழை மட்டையும் இலையில் முடைந்த தடுக்கும் விற்று வீட்டை நடத்தியவர் அம்மாதான். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

சென்ற ஆண்டு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தார். மாத்திரையை நர்ஸம்மா கண் முன்னால் பிரித்துக் கொடுத்தால்தான் விழுங்குவார். கடைசி வாரத்தில் ஒரு மதியம், அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான். டீக்கடையில, வூட்ல விசேஷமாமேன்னு கேட்டாங்க. ஆமா, ஊறல் போட்டாச்சு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து அடிக்க வேண்டியதுதான்னு சொன்னேன். வெள்ளையடிக்கறதுக்குன்னு சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்கு அப்பப் புரியல" என்றார்.

அம்மா கண்ணைத் திறக்காமலே, "தெரியும்" என்றார்.

"எப்பத்துலேர்ந்து?"

"அன்னைக்கே. நான் சொன்ன சொல்ல அப்பிடியே தூக்கிக்கினு போய் வெளியில கொட்டற ஆளு உங்கள விட்டா யாரு இருக்காங்க?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "பின்ன எதுக்கும்மா இத்தன வருஷம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்குணம் எனக்குத் தெரியும்டி. ஆரம்பிச்சா நிக்காது. வெளியாளுன்னா சந்தேகப்பட்டுட்டு, பொழுது சாஞ்சா கதவ சாத்திக்கலாம். இவர சந்தேகப்பட்டா நான் கதவ எந்தப் பக்கம் சாத்தறது?"

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. "அப்ப மதாம் மூஞ்சிய எதுக்குப் பாக்கச் சொன்ன?"

"அன்னைக்கு ஜன்னலத் தொறந்தாங்க இல்ல. சும்மா ஒருத்தருக்குப் பூ குடுத்து எனக்குப் பழக்கம் இல்ல" என்று சொல்லி, அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் அமைதியாக எங்களை விட்டுப் போனார்.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த டாக்டருக்கும், அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன நர்ஸம்மாக்களுக்கும், அழைத்ததும் ஓடி வந்த மாமாவுக்கும், காலாப்பட்டுச் சம்பந்தி வீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் கூட வந்த தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாழைக் கன்று வேண்டுபவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆணா பெண்ணா என்று நாங்கள் உத்தரவாதம் தர முடியாது.

மதாமுக்கு நன்றியை நேரில் சொல்ல, இந்த வருஷத்து முதல் பூவோடு மாடி ஏறினேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. பூவை வாங்கி முகர்ந்தார். பிறகு என்னை ஜன்னல் பக்கம் இழுத்து, மரக் கதவைத் திறந்து, வெளிச்சத்தில் முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கோ. வருஷா வருஷம் இதுக்குத்தானே உன்ன அனுப்பினாங்க? நானும் வருஷா வருஷம் நல்லா காட்டிக்கினுதான் நின்னேன். போய்ச் சொல்லு" என்றார்.

சொன்ன பிறகுதான் அம்மா இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கீழே பள்ளத்தில் தாழை இலைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

பாத்துட்டேம்மா. ஒண்ணும் மாறல.